மொட்டை மாடி ஒழுகுகிறது, யாரை நம்பி வேலை கொடுப்பது?

நங்கநல்லூர்_வீடு:

எல்லோருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் அப்பா 1991-ல் கட்டிய வீடு எங்களுடையது, கீழே ஒரு போர்ஷன், மாடியில் நாங்கள். மொட்டை மாடி 1,100 சதுர அடி, சுருக்கி என்கிற செங்கல், சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டோடு பதித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பின் அறை மூலையில் ஓதம் தெரிந்தது, அடுத்த மழைக்கு ஒழுகவே ஆரம்பித்துவிட்டது. போன வருடம் ஒருவர் வந்து இரண்டே நாளில் வெள்ளையாக ஏதோ கெமிக்கல் அடித்துவிட்டு, "பத்து வருஷம் கேரண்டி சார்" என்று விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். தீபாவளி மழைக்கே அது கொப்புளம் கொப்புளமாக உரிந்துவிட்டது. இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மாவின் கட்டில் அந்த மூலையில்தான் இருந்தது, ராத்திரி மழை பிடித்தால் அவர் எழுந்து வாளியை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தார். இந்த வருடமும் அப்படி விட எனக்கு மனசில்லை.

இதுவரை மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் படிக்கட்டு முனையில் நின்றபடியே பார்த்துவிட்டு 45,000 என்றார், பாதிப் பணம் இன்றே வேண்டுமாம். இரண்டாவது ஒரு கம்பெனி, பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன்மேலேயே கலவை போட்டுக் கூல் டைல்ஸ் பதிக்க 1,20,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று அழகாக டைப் செய்து கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது மூவரசம்பேட்டைப் பக்கம் இருந்து வந்த ஒரு வயதான மேஸ்திரி. ஒரு மணி நேரம் குச்சியால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே நடந்தார், சில இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார், ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். ரேட் மட்டும் சொல்லவில்லை. "ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன் தம்பி, டேங்க் லைனையும் ஒரு தடவை பார்க்கணும்" என்று போய்விட்டார். அவரிடம் பில் புத்தகம்கூட இல்லை. வீட்டில் எல்லோரும் கம்பெனிக்கே கொடுத்துவிடலாம் என்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். எதை வைத்து முடிவு செய்வது?

குரோம்பேட்டை_அக்கா:

தம்பி, அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நாங்களும் இதைப் பட்டிருக்கிறோம். ஒன்று சொல்கிறேன், வேலை முடித்த அன்று எடுத்த போட்டோவைப் போனில் காட்டினால் அதை நம்ப வேண்டாம், அன்றைக்கு எல்லா மாடியும் பளபளவென்றுதான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் செய்த வீடு எது என்று கேளுங்கள். இரண்டு மூன்று மழைக்காலம் தாண்டிய வேலைதான் பேசும். விலாசம் வாங்கிக்கொண்டு அவர் கூட வராமல் நீங்களாகப் போங்கள்.

நான் அப்படித்தான் பம்மலில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டம்மா என்னை மாடிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மழைத் தண்ணீர்க் குழாயின் வாயைச் சுற்றி மட்டும் பூச்சு வேறு நிறத்தில் இருந்தது. என்னவென்று கேட்டால், முதல் மழையில் அந்த இடத்தில் லேசாகக் கசிந்ததாம், போன் செய்ததும் மறுநாளே ஆளோடு வந்து உடைத்துச் சரிசெய்து கொடுத்தாராம், காசு வாங்கவில்லையாம். அந்த நிறம் மாறிய இடத்தைப் பார்த்துத்தான் நான் அவருக்கு வேலை கொடுத்தேன். எவ்வளவு நல்ல வேலைக்காரனுக்கும் ஓர் இடத்தில் தவறத்தான் செய்யும், பணம் வாங்கிய பிறகும் திரும்பி வருகிறாரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அப்புறம் அந்த வீட்டுக்காரர்களிடம் இன்னும் இரண்டு கேளுங்கள், நடுவில் வேலையை நிறுத்திவிட்டுக் கூடுதல் பணம் கேட்டாரா, உடைத்த குப்பையை யார் அள்ளினார்கள். பதில் சொல்லும்போதே அவர்கள் முகத்தில் தெரிந்துவிடும்.

சைட்_இன்ஜினியர்:

22 வருடமாகச் சென்னையில் கட்டட வேலையில் இருக்கிறேன். சார், உங்கள் பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ரேட் இல்லை, மேஸ்திரி டேங்க் லைனைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதுதான். ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள். அந்த மூலையில் சித்திரை, வைகாசி வெயிலிலும் ஓதம் இருந்ததா? இருந்தது என்றால் தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வரவில்லை. மேல் தொட்டிக் குழாய் ஜாயிண்டிலோ, தொட்டி வழிகிற இடத்திலோ கசிவு இருக்கும், அதைவிட்டு மாடி முழுக்க எத்தனை கோட் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை. எங்கே இறங்குகிறது என்று தேடாமல் ரேட் சொல்கிறவர் உங்கள் வீட்டுக்கு ரேட் சொல்லவில்லை, சதுர அடிக்குச் சொல்கிறார், அவ்வளவுதான்.

கம்பெனி கொட்டேஷனில் எனக்குப் பெரிய கவலை, பழையதை எடுக்காமல் மேலே போடுவது. கலவையும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு அங்குலம் என்று வையுங்கள், உங்கள் 1,100 சதுர அடிக்கு ஏறக்குறைய 10 டன் கூடுதல் எடை. முப்பது வருடத்துக்கு மேலான கான்கிரீட்டின் தலையில் அதை ஏற்ற வேண்டுமா? போதாததற்குப் பழைய சுருக்கிக்குள் ஊறிக்கிடக்கிற தண்ணீர் மேலே மூடியதும் போக வழியில்லாமல் கீழேதான் இறங்கும். உங்கள் வெள்ளைக் கோட்டிங் கொப்புளம் விட்டதற்கும் இந்த மாதிரி உள் ஈரமே காரணமாக இருக்கலாம், ஈரத்தின்மேல் அடித்தால் வெயிலில் ஆவி மேலே தள்ளி உரிந்துவிடும்.

குச்சியால் தட்டிப் பார்த்தார் என்றீர்களே, பொக்குச் சத்தம் வருகிற ஓடுகளுக்கு அடியில் பிடிப்பு விட்டுப்போயிருக்கும், அவர் வட்டம் போட்டது அதற்காகத்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தது வாட்டத்துக்காக, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவுக்காக. வாட்டம் சரியில்லாமல் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கினால் எந்தப் பொருளும் நிற்காது. யார் வந்தாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அந்த மூலையை உருட்டி வளைவாகப் பூசி, பூச்சைச் சுவர்மேல் ஓர் அடியாவது ஏற்றுவேன் என்று சொல்கிறவருக்கு வேலை தெரியும். கீழே சீலிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். காரை உப்பி உதிர்ந்து கம்பி தெரிந்தால், துருவைச் சுரண்டிக் கம்பிக்குப் பூச்சு கொடுத்து, அதற்கான கலவை வைத்து அடைக்க வேண்டும், மேலே மட்டும் செய்தால் துரு உள்ளே தின்றுகொண்டேதான் இருக்கும்.

கோட்டிங் வேலை என்றால், எந்தப் பொருள், எத்தனை கோட், எத்தனை வாளி என்று எழுதி வாங்குங்கள். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு என்று வாளியின் மேலேயே அச்சடித்திருக்கும், நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். காலி வாளிகளை வேலை முடியும்வரை மாடியிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஆறு வாளி ஆக வேண்டிய இடத்தில் மூன்று வாளியோடு தண்ணீரைச் சேர்த்து அடித்துவிட்டுப் போவதை நானே நேரில் பிடித்திருக்கிறேன். முடிந்ததும், அந்தப் பொருள் காயக் கேட்கிற நாள் விட்டு, மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்த வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரோடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

மந்தைவெளி_பழையவீடு:

இன்ஜினியர் சார் சொன்னதில் ஒரு சின்ன எச்சரிக்கை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. எங்களுடையது தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லை நெட்டாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ். இந்த மாதிரித் தளத்தில் தண்ணீர் கட்டிச் சோதிக்கவே கூடாது, உத்தரம் ஊறிவிடும். ஒருவர் சிமெண்ட் போட்டு மூடிவிடலாம் என்றார், நல்லவேளையாக மறுத்துவிட்டோம். சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து வேலை செய்யத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க நான்கு மாதம் ஆனது. அவரிடம் ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, ஆனால் மழைக்கு இப்போது பயமில்லை.

சைட்_இன்ஜினியர்:

மந்தைவெளி நண்பர் சொன்னது மிகச் சரி. ஜிஎஸ்டி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வேலை செய்கிறவர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அதனால் நம்பர் இல்லை என்பதாலேயே மேஸ்திரியைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் 18 சதவீதம் கேட்கிற கம்பெனி 15 எழுத்து நம்பரைக் கொட்டேஷனிலேயே காட்ட வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும்.

வேளச்சேரி_பிளாட்:

போன வருடம் போன 38,000-ஐ அப்படியே விட வேண்டாம் சார். நுகர்வோர் ஆணையத்தில் பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். அந்த விசிட்டிங் கார்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் பேசியது, உரிந்த இடத்தின் போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அப்புறம் பிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று, ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டப்படி சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையைக் காட்டினால் பில்டர்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எங்கள் அசோசியேஷனில் இது தெரியாமல் ஆளுக்கு 6,000 வசூலித்து வேலை செய்துவிட்டோம், அப்போது நான்காவது வருடம்தான் நடந்துகொண்டிருந்தது.

நங்கநல்லூர்_வீடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்ஜினியர் சார் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். மே மாதத்திலும் அந்தச் சுவர் ஜில்லென்றுதான் இருந்தது, வெள்ளையாக உப்புப் பூத்தது, துடைத்துத் துடைத்து விட்டேன் என்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. நேற்று மேஸ்திரி சொன்னபடி திரும்ப வந்தார். தொட்டிக்கு அடியில் கைப்பிடிச் சுவருக்குள் போகிற குழாயைச் சுற்றி ஓர் அடி மட்டும் கொத்தச் சொன்னார், பழைய இரும்புக் குழாய், நகத்தால் கீறினாலே துரு உதிர்கிறது, அடியில் கலவை சேறு மாதிரி நசநசவென்று இருந்தது.

முதலில் லைனை மாற்றிவிட்டுப் பதினைந்து நாள் காய விட்டுப் பார்க்கலாம், அதற்குப் பிறகு வட்டம் போட்ட ஓடுகளை மட்டும் எடுத்துப் பதித்து, வாட்டம் சரிசெய்து, சுவர் மூலைகளைப் பூசலாம் என்கிறார். பொருள் எல்லாம் நாங்களே வாங்கிக் கொடுக்க வேண்டும், அவருக்கு லேபர் மட்டும், 31,000. பழவந்தாங்கலில் நான்கு வருடத்துக்கு முன் செய்த ஒரு வீட்டு விலாசமும் கொடுத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போகிறோம். பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

சைட்_இன்ஜினியர்:

லைன் மாற்றிய அன்று 5,000. ஓடு எடுத்துப் பதித்து வாட்டம் முடிந்ததும் 12,000. தண்ணீர் கட்டிப் பார்த்துக் கீழே காய்ந்திருந்தால் 10,000. மீதி 4,000 முதல் பெரிய மழைக்குப் பிறகு. இதை ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், பில் புத்தகம் இல்லை என்ற உங்கள் கவலைக்கும் அது போதும். ஆனால் தினக்கூலி ஆட்களுக்குச் சனிக்கிழமை அவர் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அதனால் சொன்ன கட்டம் முடிந்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள், இழுக்க வேண்டாம். சீலிங்குக்குப் பெயிண்ட் இப்போதே அடித்துவிடாதீர்கள். மழை முடிந்து தை மாதம் அடிக்கலாம், அதுவரை அந்த மூலை அப்படியே கண்ணுக்குத் தெரியட்டும்.