பீரோவை நகர்த்தியபோது வந்த வெளிச்சம்

கையில் இருப்பதை வைத்தே வீட்டைப் புதுப்பித்தது பற்றி நெல்லை வட்டாரத்து வாசகர்கள் ஒருவர் எழுதியதைப் படித்து மற்றவர் எழுதிய கடிதங்கள் இவை.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில் என் மாமனாரின் தகப்பனார் கட்டிய வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), அரங்கு (உள்ளறை), அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. பனங்கட்டை உத்திரம், சுண்ணாம்புக் காரைச் சுவர், சிவப்புக் காவித் தரை. சென்ற ஆண்டு கார்த்திகையில் மகளுக்கு வரன் அமைந்து, தை மாதம் நிச்சயதாம்பூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவானபோதுதான், அந்த வீட்டை வெளியாள் கண்ணால் ஒருமுறை பார்த்தேன். பட்டாசலில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருந்தது. நடப்பதற்கு ஓர் ஆள் அகலத்துக்கு மட்டுமே வழி இருந்தது. மற்ற இடமெல்லாம் சாமான்.

நகரத்திலிருந்து உள் அலங்கார வேலை செய்பவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் பொய்க்கூரை, சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள், சோபா எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். திருமணச் செலவு முன்னால் நிற்கும்போது இதற்கென்று நாங்கள் ஒதுக்க முடிந்தது 18,000 ரூபாய்தான். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வீரவநல்லூரிலிருந்து வந்திருந்த என் மதினி, "மொதல்ல இருக்கிறதையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுப் பாரு, பொறவு என்ன வாங்கணும்னு பேசலாம்" என்று சொன்னார்கள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஆனாலும் செய்தோம்.

சாமான்களை எல்லாம் புறவாசல் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோக இரண்டு நாள் பிடித்தது. நெஞ்சளவு உயரமுள்ள நெல் கொட்டி வைக்கும் ஒரு பத்தாயம், இரண்டு நீளப் பெஞ்சுகள், பிரம்பு பிய்ந்த நான்கு நாற்காலிகள், துணி கிழிந்த ஒரு சாய்வு நாற்காலி, சங்கிலி இல்லாத ஊஞ்சல் பலகை, மூன்று இரும்பு பீரோக்கள், பதினொரு டிரங்குப் பெட்டிகள். பீரோக்களில் ஒன்றை நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு சன்னல் இருந்தது. கிழக்குச் சந்துப் பக்கம் பார்த்த, நான்கு கதவு கொண்ட முழுச் சன்னல். அந்த பீரோ நான் சீதனமாகக் கொண்டுவந்தது. வைக்க வேறிடம் இல்லாமல் அங்கே வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொக்கியை உடைத்துத் திறந்ததும் பட்டாசலின் நடுவரை வெயில் வந்து விழுந்தது. வீட்டைப் புதுப்பித்ததில் பெரிய மாற்றம் அதுதான் என்பதையும், அதற்குச் செலவு ஒன்றும் ஆகவில்லை என்பதையும், அந்த இருட்டுக்குக் காரணம் நானே என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது சுவர். இதில்தான் பணத்தை இழந்தேன். பளபளப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு, பல ஆண்டுகளாகப் பொங்கலுக்குப் பொங்கல் அடித்து அடுக்கடுக்காய்ச் சேர்ந்திருந்த சுண்ணாம்பின்மேல் நேரடியாக எமல்ஷன் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். ஒன்பதாவது நாள் அது எங்கள் ஊர் அப்பளம் எண்ணெயில் பொரிவதுபோலக் குமிழ் குமிழாக எழும்பி, விரலால் தொட்டதும் ஏடாக உரிந்து வந்தது. கார்த்திகை, மார்கழியில் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வைத்திருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும், எமல்ஷனோ மேலே தோல்போல மூடிக்கொண்டு அடைத்துவிடும். தவிரவும், பொடியாக உதிரும் பழைய சுண்ணாம்பின்மேல் எந்தப் பெயின்டும் பிடித்து நிற்காது. இதை எனக்கு விளக்கியவர் பின்னால் வந்த வெள்ளையடிக்கும் பெரியவர். முதலில் வந்தவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நானும் கேட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்புக்கே திரும்பினோம். டிரம்மில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, வஜ்ஜிரப் பசையும் துளி நீலமும் கலந்து மூன்று முறை அடித்தார்கள். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே அடிக்காததுபோலத் தெரியும், காயக் காயத்தான் வெள்ளை ஏறும் என்பதால், முதல் நாள் மாலை வரை நான் கலங்கிக்கொண்டுதான் இருந்தேன். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. வீட்டு ஆட்களே அடிப்பதாக இருந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் கூரையை அண்ணாந்து அடிக்கக் கூடாது.

மரச்சாமான்களுக்கு ஆசாரி இரண்டு நாள் வந்தார். கறுத்துப் போயிருந்த பெஞ்சுகளை 80, 120, 220 என்ற எண்ணுள்ள உப்புத்தாள்களால் அதே வரிசையில், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தபோது உள்ளே தேக்கின் நிறம் தெரிந்தது. ஊஞ்சலை மறுபடி மாட்டவேண்டும் என்பது என் மகளின் ஆசை. ஆசாரி ஏணியில் ஏறி உத்திரத்தைச் சுத்தியால் தட்டிக் கேட்டுவிட்டு, கொக்கி இருக்கும் இடம் உளுத்திருக்கிறது, ஆள் பாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். அதனால் அந்தப் பலகையை இரண்டு டிரங்குப் பெட்டிகளின்மேல் இறுகப் பொருத்தி, திறந்த சன்னலின் கீழே தாழ்வான இருக்கையாக்கினோம். இப்போது வீட்டில் யார் வந்தாலும் முதலில் உட்காருவது அங்கேதான். பத்தாயத்தை அரங்குக்குத் தள்ளி, அதில் மெத்தைகளையும் போர்வைகளையும் போட்டதில் ஏழு டிரங்குப் பெட்டிகள் காலியாயின.

தரைக்கு விரிப்பு வாங்காமல் பத்தமடையில் சாதாரணக் கோரைப்பாய் இரண்டு வாங்கினேன். அரங்கைக் காலி செய்தபோது என் கல்யாணத்துக்கு நெய்த பட்டுப்பாய் சுருட்டியபடி கிடைத்தது. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவது அந்த ஊர் வழக்கம் அல்லவா, எங்கள் இருவர் பெயரும் அதில் இருந்தன. ஓரத்தை எலி கொஞ்சம் கடித்திருந்தது. அந்தப் பக்கத்தை மடித்துத் தைத்து, மூங்கில் கழியில் கோத்துப் பட்டாசல் சுவரில் மாட்டிவிட்டோம்.

கணக்கு: வீணான எமல்ஷன் கூலியோடு 4,300, சுண்ணாம்பு கூலியோடு 3,600, உப்புத்தாள், ஸ்பிரிட், பாலிஷ் 2,150, ஆசாரி கூலி 2,400, நான்கு நாற்காலிக்குப் பிரம்பு பின்ன 2,600, பாய் 900, மூன்று எல்இடி விளக்கு 450. மொத்தம் 16,400 ரூபாய்.

மீனாட்சிபுரத்திலிருந்து:

எங்கள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டிய நிலை ஆசையால் வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும், அதன்பின் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவான மழை அது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவுக்குமேல் நீர் நின்றது.

நீர் வடிந்து கதவைத் திறந்தபோது, எதை நம்பிப் பணம் போட்டோமோ அது எதுவும் மிஞ்சவில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆன கட்டிலும் துணி அலமாரியும் பிட்டு மாதிரி ஊதி, தூக்கும்போதே பிய்ந்தன. பிளைவுட் கதவுகள் ஏடு ஏடாகப் பிரிந்தன. என் ஆச்சியின் தேக்குக் கட்டிலும் பலாமரப் பெட்டியும், பழையது என்று மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிப் போட்டிருந்தவை, சேற்றோடு அப்படியே நின்றன. இப்போது முன்னறையில் இருப்பவை அவைதான்.

அவற்றைக் காப்பாற்றியதில் ஒரு தவறு செய்தேன். பெட்டி சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன்; நான்கே நாளில் மூடிப் பலகை வெடித்துவிட்டது. நனைந்த மரத்தின் மேற்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உட்பக்கமோ இன்னும் ஊறியே இருக்கும். அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது. கட்டிலை நிழலில், வண்டலை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, தரையில் படாமல் செங்கல்லின்மேல் தூக்கி வைத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டோம். கட்டிலின் இழுப்பறைகளை ஆரம்பத்தில் எவ்வளவு இழுத்தாலும் திறக்க முடியவில்லை. உடைத்துவிடலாம் என்று என் அத்தான் சொன்னதைக் கேட்காமல் பொறுத்திருந்தோம். மாசிக் கடைசியில் தாமாகவே இளகின.

பாளையங்கோட்டையிலிருந்து:

வாடகை வீட்டுக்காரர்களின் நிலையையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டு உரிமையாளர் ஆணி அடிக்கக் கூடாது, வண்ணம் மாற்றக் கூடாது என்று எழுதியே வாங்கிக்கொண்டார். ஆகவே நாங்கள் செய்தது மூன்றே காரியம். அம்மாவின் பழைய நூல் சேலைகளைத் திரைச்சீலையாக்கினோம். ஒரு சேலையை இரண்டாக வெட்டினால் ஒரு சன்னலுக்குச் சரியாக வருகிறது. புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கூடத்துக்குக் குறுக்கே வைத்ததில், படிக்கத் தனியாக ஓர் இடம் கிடைத்தது. காருகுறிச்சியில் வாங்கி, விரிசல் விட்டதால் தண்ணீருக்கு ஆகாமல் போன மண்பானையைக் கவிழ்த்து, மேலே பழைய எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துச் சிறு மேசையாக்கினோம். அதில் காபி டம்ளருக்கு மேல் கனமாக எதையும் வைக்க முடியாது என்பது உண்மை.

தென்காசியிலிருந்து:

நான் தச்சுத் தொழில் செய்கிற குடும்பத்தவன். கல்லிடைக்குறிச்சி அக்கா பெஞ்சைத் தேய்த்தது தவறில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் உப்புத்தாளோடு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பழைய சாமான் பலவற்றில் இருப்பது அழுக்கே தவிரக் கெட்டுப்போன பூச்சு அல்ல. முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். பாதிச் சாமான்களுக்கு அதுவே போதும். பின்னால் மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்த்தால், பூச்சு பிசுபிசுவென்று இளகும் என்றால் அது அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்ட வேண்டியதே இல்லை. மேலேயே புதிய அரக்குப் பாலிஷைத் துணிப்பந்தால் ஏற்றிவிடலாம், பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். சுடு டம்ளர் வைக்கும் மேசைக்கு மட்டும் அரக்கு வேண்டாம், வெள்ளை வளையம் விழும்.

பெஞ்சின் அடியில் ஊசித்துளைகளும், அதன் கீழே தரையில் புது மாவும் இருந்தால் பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். மாவைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், மறுபடி கொட்டியிருந்தால் மருந்து வைக்காமல் அந்தச் சாமானை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழி இல்லாமல் தானாகவே தீப்பற்றும். எங்கள் பட்டறையில் ஒரு முறை புகைந்தே விட்டது. துணியை விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து:

பத்தாயத்தை வைத்துக்கொண்டீர்களே அம்மா, நன்றாக இருப்பீர்கள். எங்கள் வீட்டுப் பத்தாயத்தை, இடத்தை அடைக்கிறது என்று பழைய சாமான் வாங்குகிறவரிடம் 6,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். அந்த இடத்தில் வாங்கி வைத்த பிளாஸ்டிக் அலமாரி இரண்டாம் கோடையிலேயே வளைந்துவிட்டது. போன மாதம் உறவினர் கல்யாணத்துக்குப் போன இடத்தில், தங்கும் விடுதியின் வரவேற்பறையில் அதே மாதிரி ஒரு பத்தாயத்தின்மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். எங்களுடையதாக இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். என் மனைவி மட்டும் குனிந்து அதன் கால்களைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மீண்டும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

தென்காசித் தம்பி சொன்னபடி சோதித்துப் பார்த்ததில், இரண்டாவது பெஞ்சில் இருந்தது அரக்குப் பாலிஷ்தான், வீணாகத் தேய்த்திருக்கிறோம். நாற்காலிகளையாவது பிரம்பு பின்னியதோடு, தேய்க்காமல் விட்டோமே என்று இருக்கிறது.

சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டாதா என்று தனியாக இருவர் கேட்டிருந்தார்கள். ஒட்டும். வஜ்ஜிரம் கலந்தால் குறையுமே தவிர முழுவதும் நிற்காது. நிச்சயதாம்பூலத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா, தாம்பூலம் மாற்றும்வரை பெஞ்சில் நன்றாகச் சாய்ந்தபடி எங்கள் வீட்டுக் காற்றோட்டத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எழுந்து திரும்பியபோது மயில்நீலப் பட்டுச் சட்டையின் முதுகு முழுவதும் வெள்ளை. என் மதினி தேங்காய்ப்பூத் துவாலையோடு ஓடிவந்து, அண்ணாச்சி அண்ணாச்சி என்று கெஞ்சித் துடைத்துவிட்டார்கள். அவர்கள் சிரித்துவிட்டதால் பிழைத்தோம். அன்று மாலையே பெஞ்சுகள் இரண்டையும் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டோம்.