குளத்துல படகுல லூர் (போலி இரை) இழுக்கும்போது தூண்டில் நரம்பு பின்னுது, மீன் தட்டிட்டு விட்டுருது: எந்த லூரை எங்க விடணும்?

கன்னடியன்கால்
(கேள்வி)

சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்ல (கால்வாய்ல) தண்ணி வாங்குற குளம். மீன்பாசி குத்தகை (மீன் பிடிக்கிற உரிமை) மாமா எடுத்திருக்காவ, அதனால அனுமதிக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. கரையோரம் மடைக்கிட்ட 13 அடி தண்ணி, நடுவுல 7 அடி, மேக்க போகப் போக 3 அடி. அங்கங்க பட்டுப்போன சீமைக்கருவேல மூடு (அடிக்கட்டை) முங்கிக் கெடக்கு. ஓரத்துல அமலைச்செடி (ஆகாயத்தாமரை).

14 அடி ஃபைபர் படகு, பேட்டரி மோட்டார், ரெண்டு பேர். 4 ராடு (தூண்டில் கம்பு) போடுதோம்: 3 மீட்டர் ஆழம் போகும்னு எழுதியிருக்க கிராங்க் (முன் தகடு வச்ச மீன் பொம்மை) 2, 20 கிராம் ஸ்பூன் (கரண்டி மாதிரி தகடு) 1, ஸ்பின்னர் (சுத்துற தகடு) 1. நாலுமே 30 மீட்டர் பின்னாடி. நரம்பு 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), எல்லாத்துக்கும் ஸ்னாப் ஸ்விவல் (கொக்கி வச்ச சுழல்வளையம்). போன்ல பார்த்தா வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் காட்டுது.

பிரச்சினை இதெல்லாம்: திரும்பும்போது நாலும் ஒண்ணா பின்னிக்குது. ஸ்பூன் போட்ட நரம்பு முறுக்கேறி சடை சடையா நிக்குது. ஒரு கிராங்க் மட்டும் சாஞ்சுக்கிட்டே மேல வந்துருது. ரெண்டு தடவ மீன் தட்டுச்சு, ரெண்டும் நிக்கல. வாளை துள்ளுறது கண்ணால தெரியுது. அண்ணாச்சிமாரு யாராவது சொல்லுங்க.

மடைக்குழி

தம்பி, லூர் வரிசைக்கு முன்னாடி மீனைப் பத்திப் பேசிருவோம். குத்தகைக் குளத்துல பெரும்பாலும் விட்டிருக்கது கட்லா, ரோகு, மிர்கால். கட்லா மேல்மட்டத்துல தண்ணியில மிதக்குற நுண்ணுயிரை வடிச்சுத் திங்குற மீன். ரோகுக்குப் பாசி, இலை தழை. மிர்கால் அடிச் சேத்துல மேயும். இதுங்க லூரைத் தொரத்திக்கிட்டு வராது. எப்பவாவது தூண்டில் முள்ளு முதுகுல மாட்டி வரும், அது தின்ன வந்த மீன் இல்ல.

லூருக்கு வாறது விராலும் வாளையும்தான். (கடல் வாளை வேற, இது ஆத்து வாளை. குளத்துல யாரும் விடாமலே கால் வழியா வந்து சேர்ந்துரும்.) ரெண்டும் இருக்க இடமே வேற. விரால் காத்து குடிக்க மேல வந்தே ஆகணும், அதனால அமலைச்செடி ஓரம், தாமரை, 2–3 அடி தண்ணின்னு மறைவுலயே கெடக்கும். அதுக்குப் படகை நிறுத்தி, முள்ளு மறைஞ்ச தவளை லூரைச் செடி மேலயே வீசி இழுக்கணும். பின்னால கட்டி இழுத்துக்கிட்டுப் போனா செடிதான் வரும். செம்பு நிறத்துல குஞ்சுக் கூட்டம் கொப்புளிக்கிறதைப் பார்த்தா அந்த இடத்தை விட்டுருங்க. கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கும், பிடிச்சா குஞ்சு பூராவும் மத்த மீனுக்கு இரையாயிரும்.

இழுத்துக்கிட்டுப் போறதுக்கு ஏத்த மீன் வாளை. மடைக்குழி, கரையை ஒட்டுன ஆழம், பழைய ஓடை போன தடம், கால் வந்து விழுற வாய்க்கிட்ட. வெயில் தாழ்ந்த பிறகு ஆழத்துல இருந்து ஏறி சின்ன மீனைத் தொரத்தும். சாயங்காலம் 5 மணிக்கு மேல கரைக்கு இணையா, கல்லடுக்குல இருந்து 15–20 மீட்டர் தள்ளிப் போங்க. மேக்க 3 அடித் தண்ணிப் பக்கம் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

தக்கையும் ஈயமும்

நாலு நரம்பும் ஒரே நீளத்துல விட்டா பின்னத்தான் செய்யும். அகலத்துலயும் இடைவெளி வேணும், நீளத்துலயும் வேணும், ஆழத்துலயும் வேணும். 14 அடிப் படகுக்கு மூணு போதும்.

நடு ராடு: ஆழத்துக்குப் போற கிராங்க், 12 மீட்டர் பின்னால மட்டும். ராடு நுனி தண்ணியைப் பார்த்துத் தாழ்ந்திருக்கணும். இடது ராடு: 1.5 மீட்டர் ஆழம் போற கிராங்க், 25 மீட்டர். வலது ராடு: ஸ்பூன், 35 மீட்டர். பக்கத்து ராடு ரெண்டும் படகுக்குக் குறுக்கா, தண்ணிக்கு இணையா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். 7 அடி ராடுன்னா நுனிக்கு நுனி சுமார் 5 மீட்டர் கிடைக்கும். கிட்டத்துல இருக்கது ஆழத்துல, தூரத்துல இருக்கது மேல. அப்பதான் பக்கத்து நரம்புல மாட்டுன மீன் குறுக்க ஓடினாலும் நடு நரம்புக்கு மேலாகத் தாண்டி வரும். விடும்போது ரொம்ப நீளமானதை முதல்ல விடுங்க, நடுவுல உள்ளதைக் கடைசியா.

நீளத்தைக் கண்ணால மதிக்காதீங்க. ரீலுக்கும் ராட்டோட முதல் வளையத்துக்கும் நடுவுல டேப் வச்சு அளங்க. 60 சென்டிமீட்டர்னா ஒரு இழுப்பு 60. 12 மீட்டருக்கு 20 இழுப்பு, 25க்கு 42, 35க்கு 58. இல்லாட்டி பிரெய்டுல 10, 20, 30 மீட்டர்ல மார்க்கர் பேனாவால வேற வேற கலர் போட்டு வைங்க. மீன் தட்டுன நீளத்துக்கே மறுபடி விட முடியலன்னா, தட்டுனதுல என்ன கண்டோம்?

டப்பாவுல போட்டிருக்க 3 மீட்டர் எல்லா நரம்புக்கும் எல்லா நீளத்துக்கும் பொருந்தாது. மெல்லிசு நரம்புல அதிக ஆழம் போகும், நீளம் கூடக்கூட ஒரு எல்லை வரைக்கும் ஆழமும் கூடும். 7 அடித் தண்ணியில அதை 30 மீட்டர் விட்டா சேத்தை உழுதுக்கிட்டுத்தான் வரும், மூட்டுல மாட்டும். கரையோரம் ஆழம் தெரிஞ்ச இடத்துல மெதுவா விட்டுக்கிட்டே போங்க. லூரோட முன் தகடு தரையில டக் டக்குனு இடிக்கிறது ராட்டுல தெரியும். இழுப்பை எண்ணி வச்சுக்கிட்டு அதுல 5 இழுப்பு சுருட்டிருங்க. அதுதான் அந்த ஆழத்துக்குக் கணக்கு.

மடைக்குழி

ஒண்ணு கேக்க விட்டுட்டேன். அந்த ரெண்டு தட்டும் எப்ப? நேரா போகும்போதா, திரும்பும்போதா? எந்தப் பக்க ராடு?

கன்னடியன்கால்

ரெண்டுமே திரும்பும்போது அண்ணாச்சி. ஒரு தடவ இடது பக்கம் திரும்பினோம், இடது ராடு. இன்னொரு தடவ வலது பக்கம், வலது ராடு.

மடைக்குழி

அப்ப பதில் கையில இருக்கு. படகு திரும்பும்போது உள்பக்க லூருக்கு வேகம் குறையும், வெளிப்பக்க லூருக்குக் கூடும். ரெண்டு தடவையும் உள்பக்கம் தட்டியிருக்குன்னா மீன் கேக்குறது மெதுவான இரை. 6 கிலோமீட்டர் அதுக்கு ரொம்ப வேகம். 3ல இருந்து 3.5க்குக் கொண்டு வாங்க. வெளிப்பக்கம் தட்டியிருந்தா வேகத்தைக் கூட்டச் சொல்லியிருப்பேன். இனிமே நேர்கோடா போகாம, பாம்பு போற மாதிரி லேசா வளைஞ்சு வளைஞ்சு போங்க. மீன் எந்த வேகத்தை விரும்புதுன்னு நரம்பே சொல்லிரும்.

முழுசா திரும்பும்போது சின்ன வட்டம் போடாதீங்க. 35 மீட்டர் நரம்பு வெளிய இருக்குன்னா வட்டமும் 40 மீட்டர் அகலமாவது இருக்கணும். நெருக்கித் திருப்பினா உள்பக்க நரம்பு தொய்யும், வெளிப்பக்க நரம்பு அதுமேல ஏறும். கிராங்க் மிதக்குற சாதின்னா தொய்வுல மேல வரும், ஸ்பூன் அடிக்குப் போகும். அதனால மூடு இருக்க பக்கம் ஸ்பூனை எடுத்துட்டு மிதக்குற கிராங்க் மட்டும் போடுங்க.

மோட்டாரை மெதுவாக்கினதும் ஒவ்வொரு லூரையும் படகு ஓரத்துல 2 மீட்டர் நரம்புல விட்டு நீச்சலைப் பாருங்க. மூணும் ஒரே வேகத்துல நல்லா ஆடணும். கனத்த ஸ்பூன் 3 கிலோமீட்டர்ல ஆடாம கட்டை மாதிரி வந்தா, அதே நீளத்துல மெல்லிசுத் தகடு ஸ்பூன் மாத்துங்க.

சுழல்வளையம்

முறுக்குக்கும் சாய்வுக்கும் நான் சொல்லுதேன்.

ஸ்பூன், ஸ்பின்னர் ரெண்டும் வேகம் கூடினா சுத்தும், அந்தச் சுத்து நரம்புக்கு ஏறும். லூர்கிட்ட ஒரு மட்டமான ஸ்விவல் இருந்தா மட்டும் போதாது, இழுவையில அது சுத்தாம இறுகிரும். பால் பேரிங் உள்ள ஸ்விவல் வாங்கி, லூருக்கு 60–70 சென்டிமீட்டர் முன்னால, பிரெய்டும் லீடரும் (லூர்கிட்ட கட்டுற தனி நரம்புத் துண்டு) சேர்ற இடத்துல கட்டுங்க. அதுல இன்னொரு லாபமும் உண்டு: நரம்பு வழியா வழுக்கி வாற பாசி ஸ்விவல்லயே நின்னுரும், லூர் சுத்தமா இருக்கும். இப்ப ஏறியிருக்க முறுக்கை எடுக்க, லூரை அவுத்துட்டு வெறும் நரம்பை 50 மீட்டர் விட்டு, செடி இல்லாத தண்ணியில பத்து நிமிஷம் படகை ஓட்டுங்க. தானா அவுந்துரும்.

கிராங்குக்கு ஸ்னாப் ஸ்விவல் வேண்டாம். அந்தக் கனம் மூக்கை அமுக்கி ஆட்டத்தைக் கெடுக்கும். வெறும் ஸ்னாப் போதும், வட்ட வளைவா இருக்கதா பார்த்து வாங்குங்க.

சாஞ்சு மேல வாற கிராங்கைத் தூக்கிப் போட்டுராதீங்க. முதல்ல முள்ளு ஏதாவது உடம்புல மாட்டிக்கிட்டு நிக்குதா, தகடு விரிசலா, பாசி சுத்தியிருக்கான்னு பாருங்க. எதுவும் இல்லன்னா மூக்கு வளையம் கோணியிருக்கு. லூர் மூக்கு உங்களைப் பார்க்க இருக்கட்டும். இழுக்கும்போது உங்களுக்கு இடது பக்கம் ஓடுதா? சின்ன குறட்டால வளையத்தை உங்களுக்கு வலது பக்கமா ஒரு மயிரிழை வளைங்க. கண்ணுக்கு வளைஞ்சது தெரிஞ்சாலே அது அதிகம். ஒவ்வொரு வளைப்புக்கும் ஒரு தடவ தண்ணியில இழுத்துப் பாருங்க. வளையத்தை முறுக்கிராதீங்க, பக்கவாட்டு வளைப்பு மட்டும். 6 கிலோமீட்டர்ல சாயுற லூர் 3.5ல நேரா ஓடவும் வாய்ப்பு இருக்கு, அதனால வேகத்தைக் குறைச்சுப் பார்த்துட்டுக் குறட்டை எடுங்க.

கன்னடியன்கால்

ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். மழைத்தண்ணி வந்து குளம் செம்மண் கலர்ல கலங்கிக் கெடக்கு, எந்தக் கலர் லூர் போட? அப்புறம் தட்டுன மீன் நிக்காததுக்குக் காரணம் வேகம் மட்டும்தானா? வாளைப் பல்லுக்குக் கம்பி லீடர் வேணுமா?

தக்கையும் ஈயமும்

ஐப்பசி, கார்த்திகை கலங்கல்ல வெள்ளி நிறம் வேலைக்காகாது. செம்பு, தங்க நிற ஸ்பூன் போடுங்க. கிராங்க்ல கருப்பு முதுகும் ஆரஞ்சு வயிறும், இல்ல கண்ணைப் பறிக்கிற மஞ்சப்பச்சை. உள்ள குண்டு கிலுகிலுன்னு ஆடுற லூரா எடுங்க, கலங்கல்ல மீன் சத்தத்தையும் அதிர்வையும் வச்சுத்தான் தேடி வரும். தை, மாசியில தண்ணி தெளிஞ்ச பிறகு வெள்ளியும், கெண்டைக் குஞ்சு நிறமும், சத்தம் இல்லாத லூரும்.

நிக்காததுக்குப் பிரெய்டும் ஒரு காரணம். அது நைலான் மாதிரி நீளாது. படகும் இழுக்கும், மீனும் வெட்டும், முள்ளு வாயைக் கிழிச்சுட்டு வந்துரும். ரீல் டிராக்கை (நரம்பு ஓடுறதைப் பிடிக்கிற பிரேக்கை) இறுக்கி வச்சிருப்பீங்க. ஸ்பிரிங் தராசை நரம்பு நுனியில மாட்டி, ராட்டை வளைச்சு இழுங்க. 3 கிலோவுல நரம்பு வழுக்கி ஓடணும். 30 பவுண்டு நரம்புக்கு அது போதும். ராடும் நுனி வளையுற மெத்தையான ராடா இருக்கட்டும். முள்ளை நகத்து மேல வச்சுத் தள்ளுங்க. குத்தி நின்னா சரி, வழுக்கினா அரம் போடணும், இல்ல மாத்தணும். கடையில வாங்குன லூரோட வாற மூணு முனை முள்ளு பலதும் மொட்டையாத்தான் இருக்கும்.

மீன் தட்டுனதும் மோட்டாரைப் பட்டுனு நிறுத்துறதும் தப்பு. நரம்பு தொஞ்சு முள்ளு கழண்டுரும், மத்த ரெண்டு நரம்பும் பின்னும். வேகத்தைப் பாதியாக்கி நேரா போய்க்கிட்டே இருங்க. ஒருத்தர் மீனைப் பார்க்க, இன்னொருத்தர் மத்த ரெண்டையும் சுருட்டிரணும்.

கம்பி வேண்டாம்னுதான் சொல்லுவேன். வாளைக்கு வெட்டுற பல்லு கிடையாது. உள்பக்கம் சாஞ்ச சின்னப் பல்லு பட்டை பட்டையா, அரத்தாள் மாதிரி இருக்கும். நரம்பைத் தேய்ச்சுத்தான் அறுக்கும். 60 பவுண்டு நைலான் லீடர் போடுங்க, ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் விரலால தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா அந்த 20 சென்டிமீட்டரை வெட்டிட்டு மறுபடி கட்டுங்க. சின்னக் கிராங்க்ல கம்பி மாட்டினா அதோட ஆட்டமே செத்துரும்.

மடைக்குழி

ராடு நுனியைப் பார்த்துக்கிட்டே இருங்க. நல்லா ஓடுற கிராங்க் நுனியை விடாம நடுங்க வைக்கும், சுவர்க்கோழி றெக்கை அடிக்கிற மாதிரி. நடுக்கம் நின்னா பாசி மாட்டியிருக்கு. சந்தேகமே படாம சுருட்டிக் கழுவுங்க. பாசியோட அரை மணி நேரம் இழுக்கிறது வெறும் பேட்டரிச் செலவு.

மழை தொடங்கினதும் வாளை முட்டைக்கு ஏறும். உலக அளவிலேயே எண்ணிக்கை குறைஞ்சு ஆபத்துப் பட்டியல்ல இருக்க மீன். வயிறு பெருத்தது வந்தா திருப்பி விடுங்க, மாமாகிட்டயும் சொல்லுங்க. அதுக்குத் தோதா மூணு முனை முள்ளை எடுத்துட்டு ஒத்தை முள்ளு மாட்டிக்கிட்டா கழட்டுறது சுளுவு, மூட்டுல மாட்டுறதும் குறையும். முள்ளு மாத்தினதும் லூர் நீச்சலை மறுபடி பாருங்க, கனம் மாறியிருக்கும்.

மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை: காரையாறு, சேர்வலாறு அணை ரெண்டும் புலிகள் காப்பகத்துக்குள்ள, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அங்கெல்லாம் இந்த வேலை கூடாது. மத்த குளத்துல மீன்பாசி ஏலம் எடுத்தவரைக் கேட்டுட்டு இறங்குங்க.

கன்னடியன்கால்

மறுகால் (குளம் நிரம்பி வழியுற இடம்) பாயும்போது கிழக்குக் கரையோரம் இழுக்கலாமா அண்ணாச்சி?

மடைக்குழி

மறுகாலுக்கு 100 மீட்டர் இந்தப் பக்கமே திரும்பிருங்க. பேட்டரி மோட்டாரு அந்த இழுப்பை எதிர்த்து வராது. மடை திறந்திருந்தா மடைக்கிட்டயும் படகை நிறுத்தாதீங்க. ரெண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான் ஏறணும், துடுப்பு ஒண்ணு கட்டாயம் கூட இருக்கணும்.