ஹெக்ஸ் எண்களில் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா?

கேள்வி:
வணக்கம். காப்புப்படி எடுத்த கோப்புகள் சிதையாமல் வந்து சேர்ந்தனவா என்பதை எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் மதிப்பைக் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) கொண்டு சரிபார்க்கிறோம். அது ஹெக்ஸில், அதாவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள பதினாறு குறிகளால் எழுதப்படுகிறது. விண்டோஸ் கணினியில் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை தரும் 64 குறிகளில் ஏ முதல் எஃப் வரையிலானவை பெரிய எழுத்தில் வருகின்றன. லினக்ஸ் சர்வரில் எஸ்ஹெச்ஏ256சம் கட்டளை தருபவை சிறிய எழுத்தில் வருகின்றன. நான் எழுதிய பாஷ் ஸ்கிரிப்ட் எல்லாக் கோப்புகளையும் பழுது என்று அறிவித்துவிட, ஒரு மாலை முழுவதும் வட்டின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இவற்றுள் எது முறையான வடிவம்?

மறுமொழி 1:
இரண்டும் ஒரே எண்தான். ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட் எண்களை ஒப்பிடவில்லை, எழுத்துச் சரங்களை ஒப்பிடுகிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். இதையே பவர்ஷெல்லில் எழுதியிருந்தால், அதன் வழக்கமான சமன் ஒப்பீடு எழுத்தின் அளவைப் பொருட்படுத்தாது என்பதால், இந்தச் சிக்கல் உங்கள் கண்ணில் பட்டே இருக்காது.

மறுமொழி 2:
எல்லாவற்றுக்கும் பொதுவான விதி இல்லை. இடத்துக்கு இடம் மாறுகிறது. ஐபிவி6 முகவரிகளை (இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்கள்) சிறிய எழுத்தில்தான் எழுத வேண்டும் என்கிறது 2010இல் வந்த ஆர்எஃப்சி 5952 என்ற இணையத் தரநிலை ஆவணம். இணைய முகவரிகளில் விழுக்காட்டுக் குறிக்குப் பின் வரும் ஹெக்ஸ் இலக்கங்களுக்கோ, 2005இன் ஆர்எஃப்சி 3986 இரண்டையும் சமமாக ஏற்றுக்கொண்டு, எழுதும்போது பெரிய எழுத்தையே பரிந்துரைக்கிறது. தமிழின் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் மூன்று பைட்டுகளாகி, ‘ஈ0 ஏஈ’ அல்லது ‘ஈ0 ஏஎஃப்’ என்றே தொடங்குவதால், தமிழ்த் தலைப்புள்ள முகவரிகளைக் கையாளுபவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. செயலிகளுக்கு அணுகல் அனுமதி தரும் ஓஆத் 1.0 நெறிமுறையில், கையொப்பம் இப்படி ஹெக்ஸாக மாற்றிய சரத்தின் மீதே கணக்கிடப்படுவதால், அங்கே பெரிய எழுத்து கட்டாயம். சிறிய எழுத்தை வைத்துக் கணக்கிட்டால் கையொப்பம் பொருந்தாது.

மறுமொழி 3:
கண்ணுக்கு எது எளிது என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய ‘பி’ எட்டைப் போலவும், பெரிய ‘டி’ சுழியத்தைப் போலவும் தோன்றக்கூடும். ஏழு கோடுகளால் இலக்கம் காட்டும் மின்திரையில் இவற்றை அந்த இலக்கங்களிலிருந்து வேறுபடுத்தவே முடியாது என்பதால், அங்கே அவை மட்டும் சிறிய எழுத்தாகவும் மற்றவை பெரும்பாலும் பெரிய எழுத்தாகவும் கலந்து நிற்கும். அழகில்லைதான், ஆனால் குழப்பமில்லை. சிறிய ‘பி’ அங்கே ஆறைப் போலத் தோன்றாமலிருக்க, ஆறுக்கு மேற்கோடு அவசியம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சிறிய எழுத்துக்கு மாற்றிய பிறகும் பொருந்தவில்லை. பார்த்தால், எஸ்ஹெச்ஏ256சம் ஹாஷுக்குப் பின் இரண்டு இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரையும் சேர்த்தே தருகிறது. அதை வெட்டிய பிறகு எல்லாம் பொருந்திவிட்டன.