சீன அலுமாரி, திபெத்தியப் பெட்டகம்: திருகோணமலை வீட்டுக்கு எடுக்கலாமா?

உப்புவெளி_வாசி:
வணக்கம். வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. கொழும்பில் ஒருவரிடம் இரண்டு சாமான் விலை பேசுகிறேன். ஒன்று சான்சி மாகாணத்துச் சிவப்பு அலுமாரி: இரட்டைக் கதவு, நடுவில் வட்டப் பித்தளைத் தகடு, 180 செ.மீ. உயரம். 150 வருடப் பழசு என்கிறார். மற்றது பூவும் புலியும் எழுதிய திபெத்தியப் பெட்டகம், காத்மாண்டுவில் இருந்து வந்ததாம். பழசுதானா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நம்முடைய கச்சான் என்ற வறண்ட வெக்கைக் காற்றையும் கடலின் உப்புக்காற்றையும் தாங்குமா?

ஓடாவி_மகன்:
அலுமாரியைச் சுவரில் இருந்து இழுத்து முதலில் முதுகைப் பாருங்கள். கைவாள் தடம் நேராக, ஒழுங்கில்லாமல் ஓடும். வளைவு வளைவாகத் தடம் இருந்தால் அது இயந்திர வட்டவாள் அறுத்த பிந்திய பலகை.

அடுத்தது பொருத்து. குறுக்குக்கட்டையின் நாக்கு (துளைக்குள் நுழையும் முனை) நிலைக்கட்டையை ஊடுருவி வெளியே தெரிகிற இடத்தில் விரலால் தடவுங்கள். மரம் அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால் பழைய சாமானில் நாக்கின் நுனி ஒரு கடதாசித் தடிப்பு அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். கதவுப் பலகையும் அப்படித்தான்: சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசையில்லாமல் சும்மா நிற்கும். சுருங்கியிருந்தால் ஓரத்தில் சாயம் படாத வெறும் மரம் மெல்லிய கோடாகத் தெரியும். இந்த இரண்டையும் பொய்யாகச் செய்வது கஷ்டம். கறுப்பு அழுக்குப் பூசுவது யாருக்கும் சுலபம், அதை நம்பவேண்டாம்.

சான்சி அலுமாரிகளில் கதவுகளுக்கு நடுவே ஒரு கட்டை இருக்கும், அதைத் தூக்கிக் கழற்றலாம். கதவுக்குக் கீழே மறைவான அறையும் இருக்கும். அந்தக் கட்டையைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தால் பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கால்களின் அடியையும் பாருங்கள். ஈரத்தரையில் நின்று உக்கி, புதுமரம் ஒட்டிய கால்கள் நிறைய. அது குற்றமில்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வண்ணம்_பார்ப்பவர்:
பெட்டகத்தில் காசு கொடுப்பது சித்திரத்துக்குத்தான். தோற்பசையில் கலந்த வண்ணம் அது, ஈரத்துணி பட்டாலே கரையும். ஸ்பிரிட் தொட்டால் மேல் வார்னிஷ் போய்விடும். ஆகவே அதில் எந்தத் திரவச் சோதனையும் வேண்டாம், கடைக்காரர் துடைத்துக் காட்ட வந்தாலும் தடுங்கள். மஞ்சளுக்கு அரிதாரம் என்ற தாதுப்பொடி போட்டிருக்கலாம், அதில் ஆர்செனிக் நஞ்சு உண்டு. அரத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது.

ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து வெடிப்புகளைப் பாருங்கள். மரம் வெடித்த இடத்தில் வண்ணமும் கூடவே உடைந்திருந்தால் நல்லது. வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தால் மரம் பழசு, சித்திரம் பிந்தியது. கை படுகிற இடமான மூடியின் முன்விளிம்பும் கொண்டியைச் சுற்றிய பகுதியும் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரேமாதிரித் தேய்ந்திருந்தால் அது அரத்தாளின் வேலை.

கடதாசி_கேளுங்கள்:
பத்திரத்தை மறக்கவேண்டாம். 1911க்கு முந்திய பொருள் எதையும் சீனாவில் இருந்து வெளியே கொண்டுபோக 2007 முதல் தடை. 150 வருடம் என்றால், 2007க்கு முன்பே வெளியேறியது என்று காட்டும் பழைய பற்றுச்சீட்டோ கப்பல் பத்திரமோ கேளுங்கள். நேபாளத்திலும் 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை வெளியே விடமாட்டார்கள். அந்நாட்டுத் தொல்லியல் திணைக்களம் கொடுக்கும் அனுமதிச் சீட்டு, பொருள் அவ்வளவு பழசில்லை என்பதற்கான சீட்டு. அதே சீட்டைக் காட்டி ‘பழம்பொருள்’ விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓடாவி_மகன்:
காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கச்சானில் மரம் காய்ந்து சுருங்கும், மாரியில் ஊதும். பலகை காடிக்குள் அசைய விட்டால் அலுமாரி தாங்கும். “ஆடுது” என்று பசையும் ஆணியும் போட்டால் முதல் கச்சானிலேயே நடுவில் பிளக்கும். இரவில் மட்டும் ஏசி போடுகிற அறை வேண்டாம். சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், கால் அடியில் மெழுகு தேய்த்துச் சிறு பலகைத்துண்டு கொடுங்கள். பெட்டகத்தின் இரும்புப் பட்டிக்கும் மெழுகுதான், ஆனால் வண்ணத்தில் படாமல். பித்தளையைப் பிராசோ போட்டு மினுக்கினால் சுற்றியுள்ள சாயத்தில் வெள்ளைக் கறை நிற்கும்.

உப்புவெளி_வாசி:
நன்றி. அலுமாரியின் லாச்சிக்குள் (இழுப்பறைக்குள்) சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. பயப்பட வேண்டுமா?

ஓடாவி_மகன்:
ஓட்டை பழசாக இருக்கலாம், தூள்தான் முக்கியம். கறுப்புக் கடதாசி விரித்து அதன்மேல் லாச்சியை வைத்து ஒரு மாதம் பொறுங்கள். மாப்போல வெளிர் தூள் விழுந்தால் உளு (மரம் துளைக்கும் புழு) உயிரோடு இருக்கிறது. லாச்சியைப் பொலித்தீனில் காற்றுப் போகாமல் சுற்றி, மைனஸ் 20 பாகையில் இரண்டு கிழமை வைத்தால் சாகும். மீனை உறையவைத்துப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் அந்த அளவு குளிர் அறை இருக்கலாம். எடுத்தபிறகு பொலித்தீனை உடனே பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் நீர் கோத்துவிடும். பெட்டகத்தில் ஓட்டை இருந்தால் இதைச் செய்யவேண்டாம், வண்ணம் உதிரும். அதை வாங்காமல் விடுவதே நல்லது.