கார்க் நகரம்: அமெரிக்க கம்பெனியில் ஆட்குறைப்பு என்கிறார்கள், ஊருக்குத் திரும்பிவிடலாமா?

கார்க்_புதுவரவு: வணக்கம். அயர்லாந்து வந்து ஏழு மாதம் ஆகிறது. அமெரிக்க மருந்து கம்பெனி ஆலையில் வேலை. நேற்று கூட்டம் போட்டு, தலைமையகத்தில் ஏதோ மறுசீரமைப்பு என்றார்கள். ராத்திரி தூங்கவே இல்லை. அடுத்த மாதம் மனைவியும் குழந்தையும் வர டிக்கெட் போட்டாகிவிட்டது. முதலாளி கடல் கடந்து இருந்தால் இந்த ஊர் வேலைக்கு உத்தரவாதமே கிடையாதா?

லீ_ஆற்றங்கரை: தம்பி, நான் வந்தது நவம்பரில். வீடு கிடைக்காமல் ஆறு வாரம் நண்பர் வீட்டு சோபாவில் படுத்தேன். மழையில் நனைந்து காய்ச்சல் வேறு. குழந்தை வருவதற்குள் வீட்டைப் பார்த்துவிடுங்கள்.

டக்ளஸ்_அக்கா: பயப்படாதீங்க. 1983இல் டன்லப் டயர் ஆலை, 1984இல் ஃபோர்டு கார் ஆலை என்று அடுத்தடுத்து மூடியபோது இந்த ஊர் ஒடிந்துபோனது. அதைத் தூக்கி நிறுத்தியதே வெளிநாட்டு கம்பெனிகள்தான். ஆப்பிள் 1980இல் இங்கே ஹோலிஹில் பகுதிக்கு வந்தது, இன்று ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். ஊருக்கு வெளியே துறைமுகப் பகுதியான ரிங்காஸ்கிடி பக்கம் போனால் ஃபைசர், ஜான்சன் அண்ட் ஜான்சன் என்று மருந்து ஆலைகள். வெளிநாட்டு முதலீட்டைக் கொண்டுவரும் அரசு அமைப்பான ஐடிஏ அழைத்து வந்த கம்பெனிகளில் நாடு முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் இருக்கிறார்கள். கேண்டீன், லாரி, பராமரிப்பு கான்ட்ராக்ட் எல்லாம் அதை வைத்துத்தான் ஓடுகின்றன.

லிமரிக்_வாசி: அக்கா, அதுவேதான் என் பயமும். 2009இல் டெல் லிமரிக்கில் 1,900 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்து, உற்பத்தியைப் போலந்துக்குக் கொண்டுபோனது. அதை நம்பியிருந்த சின்ன சப்ளையர்களும் சேர்ந்து அடிவாங்கினார்கள். கம்பெனி லாப வரி 12.5 சதவீதம் என்றுதான் பலர் வந்தார்கள். 2024 முதல் பெரிய குழுமங்களுக்கு அது 15.

லீ_ஆற்றங்கரை: வரியைப் பற்றிப் பேசாதீர்கள். நம் சம்பளத்தில் பிடித்தது போக மிச்சம் வாடகைக்கும் குழந்தை காப்பகத்துக்குமே போய்விடுகிறது.

பர்மிட்_அனுபவம்: அவர் கேட்டது அது இல்லையே. தம்பி, எந்த வேலை பர்மிட்? ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்ததா? என்ன பிரிவு?

கார்க்_புதுவரவு: கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ், அதாவது தட்டுப்பாடான திறமைக்குத் தரும் பர்மிட். கடிதம் எதுவும் வரவில்லை. வேலிடேஷன் பிரிவு, இயந்திரமும் தயாரிப்பு முறையும் சரியாக இயங்குகின்றன என்று சோதித்து ஆவணப்படுத்தும் வேலை.

பர்மிட்_அனுபவம்: சரி, அப்படியானால் டிக்கெட்டை இப்போதே ரத்து செய்ய வேண்டாம். அவசரப்பட்டு நீங்களாக ராஜினாமாவும் செய்யாதீர்கள். முதல் 9 மாதம் முடியாமல் சொந்த விருப்பத்தில் கம்பெனி மாறுவது சிக்கல், ஆட்குறைப்பு என்றால் அந்தத் தடை இல்லை. ஆட்குறைப்பில் வேலை போனால், அந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் பர்மிட் துறைக்குத் தெரிவித்துவிடுங்கள், வேறு வேலை தேட ஆறு மாதம் கிடைக்கும். சட்டப்படியான இழப்பீடு 2 வருடம் வேலை பார்த்தவர்களுக்குத்தான், அதனால் அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மனைவி இங்கே தனி பர்மிட் இல்லாமலே வேலைக்குப் போகலாம்.

இங்கே மருந்து ஆலைகள் பல என்று அக்கா சொன்னது உங்களுக்கு நேராகப் பொருந்தும். ஒரு ஆலையில் செய்த வேலிடேஷன் வேலை பக்கத்து ஆலைக்கும் அப்படியே பயன்படும். குறுகியகால கான்ட்ராக்ட் வந்தால் மட்டும் கவனம், இந்த பர்மிட்டுக்கு 2 வருட வேலை உறுதி வேண்டும். சிவியை எனக்கு அனுப்புங்கள், இன்றிரவே பார்க்கிறேன்.