அலுமினிய ஹப்பில் சிக்கிக்கொண்ட பேரிங் வெளிவளையம்

நாகப்பட்டினத்தில், கடற்காற்று படும் கொட்டகையில் எட்டு ஆண்டுகள் போட்டுவைத்திருந்த 1992ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ்100 வண்டியை மூன்று வாரங்களாகச் சீரமைத்து வருகிறேன். முன்சக்கரத்தின் ஒரு பக்கத்துப் பேரிங் எளிதில் கழன்றுவிட்டது. மறுபக்கத்தில், உள்ளிருந்து தட்டியபோது குண்டுகளும் உள்வளையமும் மட்டும் உதிர்ந்து வர, துருவேறிய வெளிவளையம் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு ஒட்டி நின்றுவிட்டது. துரு இளக்கும் எண்ணெயில் இரண்டு இரவுகள் ஊறவிட்டேன். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்னும் அளவுக்கு ஹீட் கன்னால் ஹப்பைச் சூடாக்கியும் தட்டினேன். வளையத்தின் பின்விளிம்பு ஹப்போடு சமமாக இருப்பதால் கவ்வி இழுக்கும் கருவியான புல்லருக்குப் பிடிமானமில்லை; உளி வழுக்கி ஒரு கீறலும் விழுந்துவிட்டதால் இனி அடிக்க மனம் வரவில்லை. வளையத்தின் உட்புறம் சுற்றிலும் ஆர்க் வெல்டிங் ஓட்டினால், ஆறும்போது அது சுருங்கிக் கழன்றுவிடும் என்கிறார் பட்டறைக்காரர். இதைச் செய்து பார்த்தவர்கள், பழைய அலுமினிய ஹப் விரிசல் விடாமல் தாங்கியதா என்று சொல்ல முடியுமா?