ஸ்போர்ட்ஸ் காரின் கதவு சரியாக மூடாதபோது: கொழும்பு உரிமையாளர் மூவரின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

என்னிடம் இருப்பது ஜேர்மனியில் தயாரான, இரண்டு கதவுகள் மட்டுமே கொண்ட பழைய கூப்பே வகைக் கார். தென்மேல் பருவமழை தொடங்கியிருந்த நாட்களில் சாரதிப் பக்கக் கதவு முன்னர்போல எளிதாக மூட மறுக்கத் தொடங்கியது. ஓங்கி அடித்தால் மூடியது. மூடிய பின்னரும், காலி நகருக்குச் செல்லும் காலி வீதியில் சற்று வேகமாகச் சென்றால் மேல்விளிம்பில் காற்று இரைந்தது, மழை பெய்தால் இருக்கையின் ஓரம் நனைந்தது.

முதலில் காட்டிய கராஜில், கதவு இறங்கிவிட்டது என்று பார்த்த மாத்திரத்திலேயே சொல்லி, தூணில் உள்ள, லொக் மாட்டிக்கொள்ளும் கொக்கியான ஸ்ட்ரைக்கரைத் தளர்த்திச் சற்று வெளிப்பக்கமாக நகர்த்தித் தர முன்வந்தார்கள். நான் இணங்கவில்லை. பிணைச்சல் தேய்ந்து கதவின் பின்முனை தொங்கியிருந்தால், கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையிலான இடைவெளி மேலே ஒடுங்கியும் கீழே விரிந்தும் காணப்பட வேண்டும். என் காரில் அது மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தது. அந்த நிலையில் ஸ்ட்ரைக்கரை வெளியே இழுத்தால் கதவு எளிதாகப் பூட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் கதவைச் சுற்றியுள்ள ரப்பரை அழுத்தாமல் வெளியே துருத்தி நிற்கும். காற்றும் மழையும் முன்னரைவிடத் தாராளமாக உள்ளே வரும்.

பின்னர் ஆமர் வீதிப் பக்கத்தில் வாகன மின்வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுசென்றேன். அவர் கதவைத் தொடுவதற்கு முன்பே, "தம்பி, திறக்கேக்க கண்ணாடி கொஞ்சம் கீழ இறங்குதோ எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டார். விடயம் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

சாதாரணக் கார்களில் கதவுக் கண்ணாடியைச் சுற்றி உலோகச் சட்டம் இருக்கும். 1990களின் இறுதிக்குப் பிந்திய போர்ஷே 911, ஓடி டிடி, நிசான் 350இசட் போன்ற கார்களில் அந்தச் சட்டம் கிடையாது. கண்ணாடியின் விளிம்பு நேரடியாகக் கூரை ரப்பருக்குள் போய் அமர்கிறது. ஆகவே கதவு திறக்கும்போது கண்ணாடி ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றர் தானாகவே இறங்கி, மூடியதும் மீண்டும் மேலேறும் வகையில் அமைத்திருக்கிறார்கள். என் காரும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை அறிவிப்பது லொக்கின் உள்ளே இருக்கும் விரல்நகம் அளவான ஒரு சுவிச். அது செயலிழந்தால், கதவு அகலத் திறந்திருந்தாலும் மூடியே இருப்பதாகக் காரின் மின்னமைப்பு எண்ணிக்கொள்கிறது. கண்ணாடி இறங்காது, மூடும்போது அதன் விளிம்பு ரப்பரில் மோதிக் கதவைத் தடுக்கும். நாம் ஓங்கி அடிக்க அடிக்க ரப்பர் கிழியும், கண்ணாடியைத் தாங்கும் பொறியும் வளையும்.

அவர் செய்த சோதனை மிக எளிமையானது. கதவைத் திறந்து, கண்ணாடியை அதன் பொத்தானால் ஒரு சாண் அளவு இறக்கிவிட்டு, இரண்டு விரலால் கதவைத் தள்ளினார். ‘டக்’ என்று மூடியது. லொக்கின் பூட்டும் பொறியிலும் ஸ்ட்ரைக்கரிலும் பிணைச்சலிலும் குற்றமில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. கதவைத் திறந்தபோது உள்விளக்கு எரியாததும், திறந்திருப்பதாக முன்பலகை எச்சரிக்காததும் அதே சுவிச்சையே சுட்டின. ஆயினும் கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை நீக்கி, அதனுள் செல்லும் வயர்கள் மடிந்து மடிந்து அறுந்திருக்கவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே லொக்கைக் கழற்றினார். அங்கே வயர் அறுந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

லொக்கைத் திறந்தபோது கிரீஸ் பழைய மெழுகைப்போல இறுகியிருந்தது; சுவிச்சின் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. மரைன் டிரைவ் ஓரம் இரவுபகலாக நிற்கும் காருக்கு உப்புக் காற்று இதைச் செய்யாமல் விடுமா? முழு லொக்கையும் மாற்றலாம், பஞ்சிகாவத்தையில் பழையது தேடலாம். ஆனால் அதன் சுவிச்சும் அதே வயதினதாகவே இருக்கும் என்பதால், புதிய சுவிச் ஒன்றைப் பற்றவைப்பதே மேல் என்றார். அவ்வாறே செய்தோம். திரும்பப் பொருத்தியபின், கதவைத் திறந்து வைத்தபடியே லொக்கில் ஸ்ட்ரைக்கரைக் கவ்வும் கவையைத் திருப்புளியால் இரண்டு ‘டக்’ வரை தள்ளி, கைபிடியை இழுத்து விடுவித்துப் பார்த்தார். இதைச் செய்யாமல் கதவை மூடி, உள்ளே ஏதேனும் தவறாக மாட்டியிருந்தால், மூடிய கதவைத் திறப்பது பெரும்பாடு. பற்றரியைக் கழற்றியிருந்தமையால் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் பிடித்து, அதன் மேல் எல்லையை மீண்டும் பதியவைக்கவும் வேண்டியிருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

மேலே எழுதியவருக்கு நேர்மாறானது என் அனுபவம். என்னுடையது ஜப்பானிய இரு கதவுக் கார்; அதில் பிணைச்சல் உண்மையாகவே தேய்ந்திருந்தது. இத்தகைய கார்களின் கதவு நீளமானது, பாரமானது. இருக்கையோ நிலத்தோடு ஒட்டியிருப்பதால், இறங்குபவர்கள் கதவைப் பிடித்துத் தொங்கியே எழுகிறார்கள். என் தந்தையாரிடம் எத்தனை முறை சொல்லியும் அந்தப் பழக்கத்தை மாற்ற முடியவில்லை. அவருடைய முழங்காலைக் குறைசொல்லவும் மனமில்லை.

கதவைப் பாதி திறந்து, பின்முனையைக் கையால் மேலே தூக்கிப் பார்த்தபோது மேல் பிணைச்சலில் அசைவு தெளிவாகத் தெரிந்தது. மூடும்போது கதவு ஸ்ட்ரைக்கரின் மேல் ஏறிக்கொண்டு சற்று எழும்பியது. ஸ்ட்ரைக்கரின் ஒரு பக்கம் மட்டும் உராய்ந்து பளபளத்தது. பிணைச்சலின் ஊசியும், அது சுழலும் புஷ் எனும் வளையமும் மாற்றினோம். பொருத்தமான புஷ் கிடைக்காததால் கடைசல் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினோம். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம்வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பழைய கார்களைக் கைவிடாமல் ஓட்டிய பலரும் இப்படித்தான் சமாளித்தார்கள். கதவின் அடியில் ஜாக்கியும் அதன்மேல் துணி சுற்றிய பலகையும் வைத்துத் தாங்கியபடி, ஒரு நேரத்தில் ஒரு பிணைச்சலை மட்டுமே கழற்ற வேண்டும். ஸ்ட்ரைக்கரைக் கடைசியில்தான் தொட்டோம். அதுவும் அதன் பழைய இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்ட பின்னரே.

தெஹிவளையிலிருந்து:

சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். கதவு ரப்பரைப் புதிதாக மாற்றியபின் மூடுவது கடினமானால், உடனே எதையும் முறுக்க வேண்டாம். புதிய ரப்பர் படிவதற்குச் சில வாரங்கள் எடுக்கும். அதன்பிறகும் சந்தேகம் இருந்தால், ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் கதவுக்கும் இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். விளிம்பு முழுவதும் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தால், எங்கே இறுக்கம் அதிகம், எங்கே காகிதம் தடையின்றி வருகிறது என்பது புலப்படும். என் காரில் மேல் மூலையில் மட்டும் காகிதம் கிழிந்தது. அங்கே ரப்பர் தன் பள்ளத்தில் சரியாக இறங்காமல் மடிந்திருந்தது. எடுத்துத் திரும்ப அமர்த்தியதும் கதவு ஒழுங்காக மூடியது.